ஆய்வுக்கட்டுரையின் நடை

நுழையும்முன்

நண்பரிடம் பேசுவது போல எழுதலாம். மேடையில் முழங்குவது போலவும் எழுதலாம். ஒரு செய்தியை ஆராய்ந்து கண்ட முடிவைப் பிறர் சரிபார்க்கும் வகையில் எழுதுவதற்கோ தனியொரு நடை வேண்டும். அந்நடையின் இயல்பை, நன்னூலாசிரியரின் ஊர் எது என்னும் வினாவின் வழியாகவும் நன்னூல் பாயிரத்தின் துணைகொண்டும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு தொடர், மூன்று வட்டங்கள்

ஈரோடு மாவட்டம் பெருந்துறைக்கு அருகில் சீனாபுரம் என்னும் ஊர் உள்ளது. அங்குச் சமணக் கோயில் ஒன்று இருக்கிறது. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர் இது என்று கொங்கு நாட்டில் பலரும் சொல்லக் கேட்கலாம். நான் முதுகலைத் தமிழ் பயின்றபோது, பருவக் கட்டுரைக்கு இச்செய்தியையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். கோவையில் பேருந்து ஏறிப் பெருந்துறையில் இறங்கிச் சீனாபுரம் சென்று கோயிலைக் கண்டேன். ஊர்ப் பெரியவர்களிடம் பேசினேன். இலக்கண வகுப்பில் நாள்தோறும் நாம் கற்கும் நூலை எழுதியவர் நம் பக்கத்து ஊர்க்காரர் என்னும் எண்ணம் எனக்கு அளவில்லா மகிழ்ச்சியைத் தந்தது. அந்த மகிழ்ச்சி குறையுமுன் எழுதி முடித்த கட்டுரையின் முதல் தொடர் இது:

"உலகம் போற்றும் நன்னூலை யாத்த பவணந்தியார் பிறந்த புண்ணிய பூமி சீனாபுரமே என்பதில் எள்ளளவும் ஐயமில்லை."

கட்டுரை திரும்பி வந்தபோது அத்தொடரில் மூன்று பென்சில் வட்டங்கள் இருந்தன. 'புண்ணிய பூமி' என்பதைச் சுற்றி ஒன்று; 'எள்ளளவும் ஐயமில்லை' என்பதைச் சுற்றி ஒன்று; மூன்றாவது வட்டம் 'சீனாபுரமே' என்பதன் இறுதியில் இருந்த ஏகாரத்தை மட்டும் சுற்றியிருந்தது. ஓரத்தில் பேராசிரியர், "இந்த ஏகாரத்திற்குச் சான்று எங்கே?" என்று எழுதியிருந்தார்.

ஓரெழுத்திற்குச் சான்று கேட்பார்களா என்று அன்று சினம் கொண்டேன். நன்னூலைப் பற்றி எழுதியவன் நன்னூலை மறந்திருந்தேன் என்பது பிறகே புரிந்தது. ஏகார இடைச்சொல்லுக்குப் பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை என ஆறு பொருள்களை நன்னூல் கூறுகிறது. 'சீனாபுரமே' என எழுதும்போது அந்த ஏகாரம் தேற்றமாக நின்று, 'இது உறுதி' என்கிறது. பிரிநிலையாக நின்று, 'பிற ஊர் எதுவும் அன்று' எனவும் சொல்லிவிடுகிறது. ஓரெழுத்தில் இரண்டு முடிவுகள். இரண்டில் ஒன்றைக்கூட என் கட்டுரை நிறுவவில்லை.

பட்டிமன்ற மேடையில் அந்த ஏகாரம் கைத்தட்டல் பெறும். வாழ்த்து மடலில் பொருத்தமாகவே இருக்கும். ஆய்வுக்கட்டுரையில் மட்டும் அது கடனாக நிற்கும்.

சான்றுகள் எவ்வளவு சொல்கின்றன?

பவணந்தியாரின் ஊர் பற்றி நமக்குக் கிடைப்பவை யாவை? முதலாவது, நன்னூலின் சிறப்புப்பாயிரம். அது பவணந்தியாரைச் சனகை என்னும் ஊரோடும் சன்மதி முனிவர் என்பவரோடும் தொடர்புபடுத்துகிறது. சீயகங்கன் என்னும் அரசன் வேண்டிக்கொள்ள நூல் இயற்றப்பட்டதாகக் கூறுகிறது. சனகை எந்த நாட்டில் உள்ளது என்பதை அது சொல்லவில்லை. இரண்டாவது, கொங்கு மண்டல சதகம். அந்நூல் பவணந்தியாரைக் கொங்கு நாட்டுக்கு உரியவராகப் போற்றுகிறது. ஆனால், அது நன்னூலுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. தன் நாட்டின் பெருமைகளைத் தொகுத்துப் பாடுவதையே நோக்கமாகக் கொண்டது. மூன்றாவது, சூழல். சீனாபுரத்திலும் அதற்கு அண்மையிலுள்ள விசயமங்கலத்திலும் சமணக் கோயில்கள் உள்ளன; இப்பகுதியில் சமணம் செழித்திருந்தது என்பதில் கருத்து வேறுபாடில்லை. நான்காவது, சனகாபுரம் என்பதற்கும் சீனாபுரம் என்பதற்கும் உள்ள ஒலி ஒற்றுமை.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. சீயகங்கன் கங்கர் மரபினன். கங்கர் மரபு இன்றைய கருநாடகத்தின் தென்பகுதியோடு நெருங்கிய தொடர்புடையது. ஆதலால், சனகையை மைசூர்ப் பகுதியில் தேடுவோரும் உள்ளனர். என் முதற்கட்டுரையில் இக்கருத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அறியாமல் விட்டிருந்தால் மன்னிக்கலாம். படித்திருந்தும், என் முடிவுக்கு உதவாது என்பதால் விட்டிருந்தேன். ஏகாரத்தைவிடப் பெரிய பிழை அதுதான். பேராசிரியர் அதனை அறிந்திருக்கவில்லை என்றே எண்ணுகிறேன்.

இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு திருத்தி எழுதிய பகுதி இவ்வாறு அமைந்தது:

"நன்னூலின் சிறப்புப்பாயிரம் பவணந்தி முனிவரைச் சனகை என்னும் ஊரோடு தொடர்புபடுத்துகிறது. இவ்வூரைப் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமாகக் கொள்வர் கொங்கு வரலாற்று ஆய்வாளர் பலர். பிற்காலத்ததாகிய கொங்கு மண்டல சதகமும் சீனாபுரம், விசயமங்கலம் ஆகிய ஊர்களின் சமணத் தொடர்பும் இக்கருத்துக்குத் துணைசெய்கின்றன. நூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் மரபினன் ஆதலின், சனகை மைசூர்ப் பகுதியைச் சார்ந்தது என்பாரும் உளர். சனகையையும் சீனாபுரத்தையும் நேரடியாக இணைக்கும் சமகாலச் சான்று இக்கட்டுரைக்காகப் பார்த்த நூல்களில் இல்லை. எனவே, சீனாபுரம் பவணந்தியாரின் ஊராக இருக்கக்கூடும் என்ற அளவிலேயே இப்போது கூற இயல்கிறது."

இதைப் படிக்கும் கொங்கு நாட்டு மாணவருக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம், எனக்கும் இருந்தது. ஆனால், மைசூர்ப் பகுதியைச் சார்ந்த ஒருவர் முதல் தொடரைப் படித்தால் அடுத்த தொடருக்குச் செல்லமாட்டார். திருத்திய பகுதியை அவரும் இறுதிவரை படிப்பார். மறுக்க விரும்பினால் எந்தச் சான்றை மறுப்பது என்பதும் அவருக்குத் தெரியும். நாளை ஒரு கல்வெட்டு கிடைத்தால், கடைசித் தொடரை மட்டும் மாற்றினால் போதும்.

வினைமுற்றுகளின் எடை

திருத்திய பகுதியின் வினைமுற்றுகளைக் கவனியுங்கள். தொடர்புபடுத்துகிறது, கொள்வர், துணைசெய்கின்றன, என்பாரும் உளர், இருக்கக்கூடும். இவற்றுள் ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் வைக்க முடியாது. தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் வருவதால், கூற்றின் உறுதியும் அங்கேதான் முடிவாகிறது. 'கூறுகிறார்' என்றால் அவர் சொன்னார், அவ்வளவே. 'கருதுகிறார்' என்றால் சான்றுகளைப் பார்த்து அவர் கொண்ட எண்ணம். 'நிறுவுகிறார்' என எழுதினால், அம்முடிவை நாமும் ஏற்றுக்கொண்டோம் என்று பொருள். ஊகிக்கும் ஒருவரை 'நிறுவுகிறார்' என எழுதுவதும் நிறுவிய ஒருவரை 'ஊகிக்கிறார்' என எழுதுவதும் அவருக்கு இழைக்கும் அநீதியாகும். நம் சொந்த முடிவுக்கும் இதே போன்ற படிநிலை உண்டு: இருக்கலாம், இருக்கக்கூடும், எனக் கொள்ளலாம், எனத் துணியலாம், உறுதியாகிறது. எந்தப் படியில் நிற்பது என்பதைச் சான்றே முடிவுசெய்ய வேண்டும்.

அதே ஈரோடு மாவட்டத்தில், நொய்யலாற்றின் வடகரையில் உள்ள கொடுமணலை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்னும் ஊரைக் குறிப்பிடுகின்றனர். வேலைப்பாடமைந்த அரிய கலன்களுக்குப் பெயர்பெற்ற ஊராக அது பாடல்களில் வருகிறது. கொடுமணம் இன்றைய கொடுமணல் என்பதற்கும் முதலில் இருந்தது பெயரொற்றுமைதான். சனகைக்குச் சீனாபுரம் போலவே. ஆனால், 1985 முதல் பல கட்டங்களாக நடைபெற்ற அகழாய்வுகள் அங்கு மணிகள் செய்யும் தொழிற்கூடம் இருந்ததைக் காட்டின. பாதி செதுக்கப்பட்ட கற்கள், துளையிடப்படாத மணிகள், முடிவுற்ற மணிகள் எனத் தொழிலின் ஒவ்வொரு நிலையும் மண்ணுக்குள் கிடைத்தது. இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும் தமிழி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகளும் கிடைத்தன. பாடல் சொன்ன தொழிலும் மண் காட்டிய தொழிலும் பொருந்தி வருவதால், 'பதிற்றுப்பத்தின் கொடுமணம் இவ்வூர் எனத் துணியலாம்' என்று எழுத நமக்கு உரிமை கிடைக்கிறது. இரண்டு ஊர்களும் நம் ஊர்கள். இரண்டின் மீதும் நமக்கு ஒரே அன்புதான். எனினும், ஒன்றுக்குத் 'துணியலாம்', மற்றொன்றுக்குக் 'கூடும்'.

கொடுமணலிலேயே இன்னொரு நுட்பமும் உண்டு. அங்குக் கிடைத்தவற்றுள் சூதுபவள மணிகளும் அடங்கும். 'சூதுபவள மணிகள் கிடைத்தன' என்பது கண்டது. 'அக்கல் இப்பகுதியில் கிடைப்பதன்று. ஆகவே, வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும்' என்பது கண்டதிலிருந்து உய்த்துணர்ந்தது. இரண்டையும் ஒரே தொடரில் கலந்து 'வடநாட்டு வணிகர் கொண்டுவந்த சூதுபவளம் கிடைத்தது' என எழுதினால், மணியைக் கண்டோமா வணிகரைக் கண்டோமா என்பது படிப்பவருக்குத் தெரியாமல் போகும். களப்பணிக்குச் செல்லும்போது குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் கண்டதையும் வலப்பக்கத்தில் எண்ணியதையும் எழுதிவரும் பழக்கம் இக்குழப்பத்தைத் தவிர்க்கும்.

பாயிரம் காட்டும் வழி

ஆய்வுக்கட்டுரை என்பது மேலைநாட்டிலிருந்து வந்த வடிவம் என்று சொல்வதுண்டு. அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும் அவ்வாறு வந்தவையே. கட்டுரையின் அடிப்படை ஒழுங்கு நமக்குப் புதியதன்று. சிறப்புப்பாயிரம் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது நன்னூல். இன்று ஆய்வுக்கட்டுரையின் தொடக்கத்தில் கேட்கப்படும் ஆய்வுச் சுருக்கம் ஏறத்தாழ இதனையே செய்கிறது. 'வழி' என்பது எந்த முன்னோரைப் பின்பற்றி எழுதுகிறோம் என்பது. 'எல்லை' என்பது நம் ஆய்வு எங்கே நின்றுவிடும் என்பது. 'கொங்கு நாட்டில் சமணம்' என்று தலைப்பிட்டுக்கொண்டு இரண்டு ஊர்களை மட்டும் ஆராயும் மாணவர், எல்லையைச் சொல்ல மறந்தவர்.

நூலாசிரியர் பிறர் கருத்துகளை எதிர்கொள்ளும் முறைகளை எழுவகை மதம் எனப் பாயிரம் பகுக்கிறது. பிறர் கருத்தோடு உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுப் பின்னர் களையலாம், இருவர் மாறுபடும்போது ஒன்றைத் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம். பேசாமல் கடந்துவிடுவது இந்த ஏழில் இல்லை. மைசூர்ப் பகுதி பற்றிய கருத்தை விட்டுவிட்ட என் முதற்கட்டுரை எந்த மதத்தையும் சாராதது!

முப்பத்திரண்டு உத்திகளுள் முதலாவதாக நன்னூல் வைப்பது நுதலிப் புகுதல். அதாவது, சொல்லப்போகும் பொருளைச் சுட்டித் தொடங்குதல். 'கல் தோன்றா' எனத் தொடங்கி இரண்டு பக்கம் கடந்த பிறகே தலைப்புக்கு வரும் கட்டுரைகளைத் திருத்தும்போதெல்லாம் எனக்கு இவ்வுத்தி நினைவுக்கு வரும். குற்றங்கள் பத்தனுள் ஆய்வு எழுதுவோரை மிகுதியும் பற்றிக்கொள்வன மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் ஆகியன. சென்று தேய்ந்திறுதல் என்பது தனிவகை: முதற்பக்கங்களில் விரிவாகத் தொடங்கி, தேர்வு நாள் நெருங்க நெருங்க மெலிந்து, கடைசிப் பக்கத்தில் நான்கு வரிகளோடு நின்றுவிடுவது. மாணவர் கட்டுரைகளைப் பார்க்காமலேயே பாயிரம் இக்குற்றத்தை எப்படிக் கண்டது என வியந்திருக்கிறேன்.

சொல்லும் தொடரும்

ஆய்வுநடை என்றவுடன் கடினமான சொற்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. 'சென்றான்' போதுமான இடத்தில் 'ஏகினன்' தேவையில்லை. பேச்சுவழக்கின் தளர்ந்த சொற்களான 'நிறைய', 'எக்கச்சக்கம்', 'ஒரு மாதிரி' போன்றவை கூடா. 'நிறைய பானை ஓடுகள்' என்றால் எத்தனை? எண் தெரிந்தால் எண்ணை எழுதுக. தெரியாவிட்டால் 'பல' என்றால் போதும். 'மிகவும்', 'மிக மிக', 'ஈடு இணையற்ற' முதலியவற்றை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் பொருள் குறையாது.

கலைச்சொற்களில் கவனம் வேண்டும். கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் முயற்சியால் வெளிவந்த கலைக்கதிர் முதலிய இதழ்கள், பொறியியலையும் மருத்துவத்தையும் தமிழில் எழுத முடியும் எனக் காட்டின. அவ்வாறு உருவான சொற்களுள் நிலைத்தவை உண்டு, மறைந்தவையும் உண்டு. ஒரு பொருளுக்கு இரண்டு மூன்று சொற்கள் வழங்கினால் ஒன்றைத் தேர்ந்து, முதலில் வருமிடத்தில் அதன் பொருளை விளக்கி, இறுதிவரை அதனையே ஆள வேண்டும். 'தமிழி' எனத் தொடங்கியவர் நடுவில் 'தமிழ் பிராமி' என்றும் பின்னர் 'தொல்தமிழ் எழுத்து' என்றும் மாற்றினால், மூன்றும் வேறுவேறு எழுத்துகளோ எனப் படிப்பவர் மயங்குவார். கதை எழுதும்போது ஒரே சொல் திரும்ப வருவது சலிப்பூட்டும்; ஆய்வில் அதுவே தெளிவு.

அறிஞர்களின் பெயருக்கு முன்னால் அடைமொழிகளை அடுக்குவது நம்மிடம் உள்ள பழக்கம். மரியாதை நல்லது, ஆனால், 'பெரும்பேராசிரியர்' என்ற அடைமொழி அவர் கருத்தைச் சரியாக்கிவிடாது. பெயரும் 'ஆர்' விகுதியும் பன்மை வினைமுற்றும் மரியாதைக்குப் போதும்.

தன்மையில் எழுதலாமா என்பது பலரும் கேட்கும் வினா. 'நான் கண்டேன்' என்பதைத் தவிர்த்து, 'இக்கட்டுரை ஆராய்கிறது' என எழுதுவதே கல்விப்புலத்தின் வழக்கம். களத்தில் நேரில் கண்டதைச் சொல்லுமிடத்தில் 'நான்' வருவதில் குற்றமில்லை என்பது என் கருத்து; இதில் ஆசிரியர்களிடையே மாறுபாடு உண்டு. தன்மையைத் தவிர்க்க எண்ணி, எல்லா வினைகளையும் செயப்பாட்டு வினையாக்குவது அதைவிடத் தீங்கானது. 'கருதப்படுகிறது', 'சொல்லப்படுகிறது', 'நம்பப்படுகிறது' என்னும் சொற்களில் எழுவாய் மறைந்துகொள்கிறது. தொல்காப்பியரும் 'என்ப', 'என்மனார்' எனப் பெயர் சுட்டாமல்தானே எழுதினார் எனச் சிலர் கேட்பர். அவர் தமக்கு முன்னிருந்த புலவர் மரபைச் சுட்டினார். பாடம் கேட்டவர்க்கு அம்மரபு தெரிந்திருந்தது. நம் கட்டுரையைப் படிப்பவர்க்கு நாம் எந்த நூலைப் புரட்டினோம் என்பது நாம் சொன்னாலன்றித் தெரியாது.

பிறர் சொல்லும் நம் சொல்லும்

முன்னோரின் கருத்தை மட்டுமன்றி அவர்தம் சொற்களையும் போற்றி எடுத்தாளலாம் என்பது நன்னூல் ஏற்கும் மரபு. பவணந்தியாரே தொல்காப்பிய நூற்பாக்கள் சிலவற்றை அப்படியே எடுத்துக்கொண்டுள்ளார். அன்று அது களவு ஆகவில்லை. தொல்காப்பியம் கற்றோர் அனைவருக்கும் மனப்பாடம். இன்று ஒரு துணைநூலின் பத்தியை எடுத்து நம் பத்தியாக எழுதினால் அது யாருடையது என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே, மேற்கோள் குறி வேண்டும். நூற்பெயரும் பக்க எண்ணும் வேண்டும். சொற்களை மாற்றிவிட்டால் போதும் என்பதும் தவறு. கருத்து அவருடையதாயின் பெயரும் அவருடையதே.

துணைநூற்பட்டியலில் ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பகம், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தருவோம். தமிழ்ப் பெயர்களில் குடும்பப்பெயர் இல்லாமையால் இயற்பெயரை முன்னிறுத்தி, தலைப்பெழுத்தைப் பின்னால் இடுவது வழக்கம்: சாமிநாதையர், உ. வே. எந்த ஆண்டுப் பதிப்பு என்பதைக் குறிப்பது மிகவும் இன்றியமையாதது. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண்ணும், சில வேளைகளில் பாடமுமே மாறும்.

உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சுவடிகள் சிதைந்து அடிகள் மறைந்த இடங்கள் பல இருந்தன. அவ்வடிகளை நிரப்பும் புலமை அவருக்கு இல்லாமல் இல்லை. நிரப்பியிருந்தால் நம்மால் கண்டுபிடிக்கவும் முடியாது. அவர் அவ்விடங்களைப் புள்ளியிட்டு வெறுமையாகவே விட்டார். சுவடிக்குச் சுவடி வேறுபட்ட பாடங்களையும் காட்டினார். அந்தப் புள்ளிகளை இன்றைய பதிப்புகளிலும் காணலாம்.

என் திருத்திய கட்டுரையைப் பேராசிரியரிடம் இரண்டாம் முறை கொடுத்தேன். வட்டம் ஏதுமின்றித் திரும்பும் என எதிர்பார்த்தேன். நான்காம் பக்கத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. 'இவ்வூர் முற்காலத்தில் பெரிய நகரமாக இருந்ததாகக் கூறப்படுகிறது' என்னும் தொடரின் இறுதிச் சொல்லை வட்டமிட்டு, "யாரால்?" எனக் கேட்டிருந்தார். விடை தேடி நூலகத்தில் இரண்டு நாள் செலவிட்டேன். எந்த நூலிலும் அச்செய்தி இல்லை. கோயில் வாசலில் ஒரு பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. 'இவ்வூர் முற்காலத்தில் பெரிய நகரமாக இருந்தது என ஊர்ப் பெரியவர் ஒருவர் இக்கட்டுரையாளரிடம் தெரிவித்தார்' என மாற்றி எழுதி, சந்தித்த நாளையும் அடிக்குறிப்பில் சேர்த்தேன்.